ஆதிரைநாளும் அடியார் கனவும்

மார்கழித் திருவாதிரை கூத்தப்பெருமானுக்குரிய திருநாள் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அவ்விழாவினுள் வான்மீன் ஒன்றும், பண்டை நூல்வழக்கு ஒன்றும், கனவு ஒன்றும் கலந்து நிற்கின்றன. இம்மூன்றும் ஒரு தன்மையன அல்ல. ஆகலின் அவற்றின் வேறுபாடு ஆராயற்பாலது.

ஆதிரை செந்நிறத்தொடு விளங்கும் ஒரு மீன். மார்கழியில் ஞாயிறு தனு இராசியில் நிற்ப, அதற்கு எதிர்ப்புறத்துள்ள இம்மீன் மாலையிற் கீழ்பால் எழுந்து, இரவு முழுதும் விளங்கி, வைகறையில் மேல்பாற் சாயும். நிறைமதியும் ஞாயிற்றுக்கு எதிர் நிற்பதாகலின், அத்திங்களின் பௌர்ணமி ஆதிரையை ஒட்டி வருகின்றது. தமிழ் ஆண்டு மீன்களின் நிலைகொண்டு அளக்கப்படுதலின், பருவங்கள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒருநாளாக விலகினும், இவ்வியைபு விலகுவதில்லை. நிறைமதி ஆதிரையில் அந்தணர் விழவு தொடங்கியதைப் பரிபாடல் கூறும். 7-ஆம் நூற்றாண்டில் அப்பரடிகள் திருவாரூர் ஆதிரைச் சிறப்பைப் பாடியருளினார்.

எனினும், மீனே இறைவன் அன்று. 2019-இன் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் ஆதிரை பெரிதும் ஒளி மழுங்கிற்று; அதுவே உமிழ்ந்த துகட்படலம் மறைத்தமையே காரணமென வானநூலார் ஆய்ந்து கூறினர். மாறுதலுடைய மாயாகாரியம் நாளைக் காட்டும் குறியாமன்றி வழிபடுபொருள் ஆகாது. அந்நாள் யாருக்குரியது என்பதை உணர்த்துவது உரையளவை. ஆதிரைக்குத் தெய்வம் உருத்திரன் என்பது வைதிக வழக்கு. ஆதிரையான் என்பது சிவபெருமானுக்குத் தமிழ்ப்பெயர்.

இனிக் கனவு. தில்லையில் விறகு விற்று அடியார்க்கு அமுதளித்து வந்த சேந்தனார், மழையால் விறகு விலைபோகாத ஒருநாளில், களி சமைத்து வந்த அடியார்க்கு இட்டனர். அன்றிரவு அரசன் கனவில் பெருமான் தோன்றி, தாம் சேந்தனிடம் களியுண்ணச் சென்றமையை உணர்த்தினார். காலையில் திருமுன்னர்க் களி சிதறிக் கிடந்ததென்ப. இது செவிவழி வரலாறு. பெரியபுராணத்துப் பூசலார் வரலாற்றிலும், கனவு கண்ட பல்லவவேந்தன் திருநின்றவூர் சென்று வினவியே, அன்பர் மனத்தால் எடுத்த கோயிலை அறிந்தான்.

கனவில் 35 கருவிகளுள் ஞானேந்திரியம் கன்மேந்திரியம் பத்தும் ஒடுங்க, 25 கருவிகளே தொழிற்படும் என்பது சித்தாந்தம். ஆகலின், கனவு தானே அளவையாகாது. மேற்கூறிய இருவரலாற்றிலும் கனவு கனவென்னும் அளவில் நம்பப்படவில்லை. நனவில் தேடிக் கண்டபின்னரே தெளியப்பட்டது. தேடிய அரசர் கண்டது புதையலோ வெற்றியோ அன்று. பொருளில்லா அடியவர் ஒருவரையே. முடிவேந்தன் வறியார் திருவடியில் வீழ்ந்ததே அக்கனவின் பயன்.

இன்றும் அந்நாளில் இல்லந்தோறும் களியும் பல காய் கூட்டிய கறியும் சமைத்துப் பெருமானுக்கு நிவேதிக்கின்றனர். மீன் காலத்தைக் காட்டிற்று. நூல் கருத்தைக் காட்டிற்று. கனவு ஒழுக்கத்தைக் காட்டிற்று. மூன்றனுள் ஒழுக்கம் ஒன்றே நம் கையில் உள்ளது. நாளும் நாழிகையும் பிழையாது கணித்துக் களி சமைத்தும், வாயிலில் வந்து நின்ற அடியவர்க்கு ஒருபிடி இடாதார்க்கு ஆதிரை வந்து கழிந்ததன்றி, நோற்கப்பட்டதன்று என்பது உணரற்பாலது.