முடக்குவாதமும் நுரையீரலும்

கைவிரற் கணுக்கள் வீங்கி, விடியலிற் பிடிப்புற்று, ஒரு மணி நேரங் கழிந்தும் இளகாதிருக்கும் நோயை முடக்குவாதம் என்பர். மேலைநாட்டு வைத்தியர் இட்ட பெயர் றூமற்றொயிட் ஆதிரைற்றிஸ். ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது இது. பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரோ பெரும்பாலும் பெண்களே. பெரட்டுக்குச் செல்லவேண்டிய அதிகாலையும் விரல் மடங்க மறுக்கும் வேளையும் ஒன்றாய் அமைவது அந்நோயுற்றார்தம் இடர்.

இந்நோய் மூட்டோடு நின்றுவிடும் என்னும் எண்ணம் பொருந்தாது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் தன்னுடலையே பகையாகக் கொள்வதால் இது விளைகின்றது. அப்பகை குருதிவழி எங்குஞ் செல்லும். நுரையீரலைப் போர்த்த சவ்வு அழன்று நீர் கோக்கலாம். உள்ளே சிறு கணுக்கள் தோன்றலாம். யாவற்றினுங் கொடியது, காற்றறைகளுக்கு இடைப்பட்ட மெல்லிழையம் தழும்பேறித் தடித்தல். தழும்பு பின் இளகுவதில்லை. புகைபிடிப்போர்க்கும் முதியோர்க்கும் இவ்வபாயம் மிகுதி. 1953இல் அந்தணி கப்லன் என்னும் வைத்தியர், முடக்குவாதமுடைய வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல்களில் உருண்டைக் கணுக்களைக் கண்டு எழுதினார். தூசியும் வாதமும் கூடியவிடத்து நேர்ந்தது அது.

ஊவா மலைச்சரிவில் ஏறுவோர் இளைப்பது இயல்பென்று கருதப்படும். இருமலுக்கோ குளிரும் மூடுபனியும் காரணமாகச் சொல்லப்படும். மூட்டு நோவால் நடை குறைந்தவர்க்கு இளைப்பு வெளிப்படுவதேயில்லை. விரலுக்கு ஒரு வைத்தியரிடமும் இருமலுக்கு வேறொருவரிடமும் மருந்து பெறுவோர், ஒன்றை மற்றவரிடம் உரையாது விடுவதும் உண்டு. அங்கேதான் காலம் வீணே கழிகின்றது.

மருந்திலும் விழிப்பு வேண்டும். இந்நோய்க்குப் பெரிதும் வழங்கும் மெதோற்றெக்சேற்று, வாரத்துக்கு ஒருமுறை மாத்திரமே உண்ணத்தக்கது. நாடோறும் உண்டால் உயிருக்கே கேடு. அரிதாக அதுவே நுரையீரலை அழற்றுவதும் உண்டு: வறட்டிருமல், காய்ச்சல், மூச்சுமுட்டு ஆகியன புதிதாய்த் தோன்றின் அன்றே வைத்தியரை அணுகவேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு சில மருந்துகள், உறங்கிக் கிடந்த காசநோயை எழுப்பிவிடும். ஆதலின் இருமலைக் கூறும்போதே வீங்கிய விரல்களையும் உண்ணும் மாத்திரைகளையும் காட்டுதல் நன்று. வைத்தியர் முதுகின் கீழ்ப்புறத்திற் குழல் வைத்துக் கேட்பின், மூச்சை உள்ளிழுக்கையில் மெல்லிய வெடிப்பொலி எழக்கூடும். தொடக்கநிலைத் தழும்பு சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்தில் தோன்றாமலும் போகலாம், சீ.ரீ. படமே அதனைத் தெளிவாய்க் காட்டும்.