உப்பு வயலில் நெல்: உயிரணுவில் நடக்கும் நகல் வேலை

மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம் வரை கடலையொட்டிய நிலங்களுக்கு உப்பு பெருந்தொல்லை. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலையின்போது கடல் நீரே உள்ளே புகுந்தது. மற்ற ஆண்டுகளிலும் கடலோரக் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் ஏறிவிடும். அந்நீர் பாய்ந்த வயலில் நட்ட நாற்றின் இலை நுனி வெளுத்துக் காய்கிறது. பக்கத்து வயலில் வேறொரு ரகம் பச்சையாக நிற்பதும் உண்டு. மண்ணும் தண்ணீரும் ஒன்றாக இருக்க, வேறுபாடு எங்கே?

மூலமும் நகலும்

நெல்லின் உயிரணுவில், உட்கருவுக்குள் 12 ஜோடி நிறப்புரிகள் உள்ளன. பயிரின் குணங்களில் பெரும்பாலானவை அவற்றிலுள்ள டி.என்.ஏ.யில் பதிவாகியுள்ளன. நிலத்தின் மூலப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலைக் கொண்டு காரியம் பார்ப்பது போலத்தான் உயிரணுவும் செய்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி, மரபணு தொடங்கும் இடத்தில் அமர்ந்து, டி.என்.ஏ.யின் இரு இழைகளைச் சிறிது பிரித்து, ஓர் இழையைப் பார்த்து நகல் எடுக்கிறது. இதுவே தூது ஆர்.என்.ஏ. இது உட்கருவிலிருந்து வெளியேறி ரைபோசோமை அடைகிறது. அங்கே நகலில் உள்ளபடி புரதம் தயாராகிறது. இந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

உப்பு பட்டவுடன்

வேரில் உப்பு பட்டதும் உட்கருவுக்குச் செய்தி போகிறது. சில புரதங்கள் மரபணுவின் முகப்பில் ஒட்டி, நகல் எடுக்கும் வேலையை முடுக்கிவிடுகின்றன. அவ்வாறு உண்டாகும் புரதங்களில் ஒன்று சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் வேரிலேயே தடுக்கிறது. மற்றொன்று அதை உயிரணுவின் குமிழறையில் அடைத்து வைக்கிறது. எனவே மரபணு இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் போதிய நகல் எடுக்கப்படவும் வேண்டும்.

கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லின் முதலாம் நிறப்புரியில் உள்ள 'சால்டால்' பகுதி இத்திறனுக்குப் பெயர் பெற்றது. கலப்பு முறையில் இதைப் பிற ரகங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அலையாத்திக் காட்டுக் கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்து ஆராய்ந்தனர். அந்த நெல் சாகுபடிக்கு வரவில்லை.

வயலில் செய்ய வேண்டியவை

1. நாற்றங்கால் விடும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் தேவை. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் தேவை.

2. மழை நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் பயனில்லை.

3. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம்.

4. நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது. ஆகையால் இளம் நாற்றைத் தவிர்த்து, 30 நாள் ஆன நாற்றை நடுவது நல்லது.

5. சம்பா பட்டத்துக்கு, 1982ல் வெளியான கோ 43 ரகம் ஓரளவு உப்பைத் தாங்கும்.

எந்த ரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உப்பு அதை மீறினால் பயிர் எத்தனை நகல் எடுத்தாலும் பிழைக்காது. ஆகவே ரகத்தை மட்டும் நம்பியிராமல் முதலில் வடிகாலை வெட்டிச் சீர் செய்ய வேண்டும்.