அலை ஓய்ந்த பின்னும் அச்சம் ஏன்?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடிச் சென்ற பின், பள்ளி திரும்பிய பிள்ளைகள் கையில் காகிதம் கிடைத்தால் மீண்டும் மீண்டும் அலையையே வரைந்ததற்குக் காரணம் பிடிவாதமன்று. சாதாரண துக்கத்தில் மாண்டவரின் முகம் ஸ்மரணையில் எழும். கோர மரணத்திலோ, மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா பயத்தை அழுந்தப் பதித்துவிட, காலத்தையும் இடத்தையும் குறித்துவைக்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் தன் காரியத்தில் தடுமாறுவதால், முடிந்துபோனது இப்போது நடப்பதாகவே தோன்றி, தாயை நினைக்கப் புகும் குழந்தை அலையில் போய் முட்டிக்கொள்கிறது. ஆகவே நினைப்பதையே தவிர்க்கிறது. நாமோ, மறந்துவிட்டதென்று திருப்தியடைகிறோம்!

இத்தகைய பிள்ளைக்கு உதவ ஆசிரியர் வைத்தியராக வேண்டியதில்லை. மணியடித்ததும் பிரார்த்தனை, பிறகு கணக்கு, பிறகு மதிய உணவு என்ற மாறாத நியமமே, எந்நேரமும் அபாயத்தை எதிர்பார்த்திருக்கும் நரம்புமண்டலத்தைச் சிறிது சிறிதாகச் சமாதானப்படுத்துகிறது. பெஞ்சு சரியும் ஓசையில் துடித்தெழும் சிறுவனை அதட்டாமல், கதவருகே இடமும், வேண்டும்போது வெளியே போய்வர அனுமதியும் அளிக்கலாம். "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்ற கருணைப் பொய் மட்டும் ஆகாது. மரணம் மீளாதது என்பதை இன்னும் முழுவதும் உணராத ஐந்து வயதுப் பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். வாரங்கள் பல கடந்தும் உறக்கமும் படிப்பும் குலைந்தே இருப்பின், மனநல மருத்துவரிடம் அனுப்புதல் அவசியம்.