பெயர் மறைந்த பாட்டும் முகம் அறிந்த புகழும்

குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் அறியப்படவில்லை. பாட்டில் அமைந்த உவமையைக் கொண்டே அவர் செம்புலப்பெயனீரார் எனப்பட்டார். பாட்டு நிலைத்தது, பெயர் மறைந்தது. புகழ் பாடியவரைச் சேர்வதா, பாட்டைச் சேர்வதா என்னும் வினா மிகப் பழையது. கேளிக்கை ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்ட இக்காலத்தில் அவ்வினா புதிய வடிவம் பெறுகிறது. அதனை ஆராய்தற்கு ஏற்ற களம் கல்முனைக் கரையோரம்.

கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்கள், 1961இல் அம்பாறை மாவட்டம் அமையுமுன் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இவ்வூர்களின் பழைய இசைச்செல்வம் ‘கவி’ எனப்படும் நாலடிப் பாடலாகும். வயற்காவலிலும் வீட்டுத் திண்ணையிலும் அது பிறந்தது. மச்சான் ஒன்று கேட்க, மச்சி மறுமொழி கூறுவதாக அமைந்த கவிகள் பல. திருமண வீட்டிற் பொல்லடியும், நோன்பு இரவுகளிற் பாவாமாரின் றபான் ஒலியும் ஊரை மகிழ்வித்தன. பாடுவோரும் கேட்போரும் ஓரூரார். கேட்டவர் உடனே எதிர்ப்பாட்டுப் பாடலாம். ஆனால், கவியை முதலிற் கட்டியவர் யாரென்று எவரும் வினவியதில்லை.

இந்நிலையை முதலில் மாற்றியது வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அது முகமில்லாத குரலுக்குப் பெயரைத் தந்தது. நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) பாடிய இஸ்லாமிய கீதங்கள் கடல் கடந்து இக்கரையின் இல்லங்களை எட்டின. பி. எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர்த் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது. கேட்போர் இப்பொழுது எதிர்ப்பாட்டுப் பாட இயலாது. அஞ்சலட்டையில் விருப்பம் எழுதலாம். அறிவிப்பாளர் அந்நேயரின் பெயரையும் ஊரையும் வாசிக்கும் கணமே அவருக்கு வாய்த்த சிறு புகழாக இருந்தது.

திரைப்படமும், 1979இல் இலங்கைக்கு வந்த தொலைக்காட்சியும் பெயருக்கு முகத்தைச் சேர்த்தன. மத்திய கிழக்கிற்குப் பணிக்குச் சென்றோர் கொணர்ந்த ஒலிநாடாப் பெட்டிகள், விரும்பிய பாட்டை விரும்பிய வேளையிற் கேட்க வழிசெய்தன. எனினும் கவி அருகியமைக்கு இவற்றை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. உழவும் அறுவடையும் இயந்திரத்தின் வசமாயின. பாடுதற்குரிய தொழிற்பொழுது மறைந்தது. பொழுது மறையவே பாட்டும் மறைந்தது.

இன்று கைத்தொலைபேசி மற்றொரு மாற்றத்தை விளைத்துள்ளது. கலையரங்கமோ நிலையத்தின் அனுமதியோ இன்றி, கல்முனை இளைஞர் ஒருவர் தம் பாட்டை உலகறியச் செய்யலாம். மறுமொழியும் உடனே வருகிறது. அவ்வகையிற் கவியின் பழைய இயல்பு மீண்டதெனத் தோன்றும். ஆயினும் வேறுபாடு பெரிது. அன்று மறுமொழி கூறியவர் அறிந்த உறவினர். இன்று அறியாதவர் பல்லாயிரவர். அன்று கவி பிறர் வாயிற் புகுந்து ஊர்ப்பொதுவானதே அதன் வெற்றி. இன்று பார்த்தோர் தொகையே வெற்றியின் அளவுகோல். புகழ் விரைந்து வருகிறது, அவ்விரைவிலேயே அகல்கிறது.

ஆதலின் இக்கருவியைப் பழிப்பதனாற் பயனில்லை. அதனைப் பயன்கொள்ளும் நெறியே வேண்டற்பாலது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இப்பகுதியின் நாட்டுப்பாடல்களை அச்சில் ஏற்றியது, நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். அச்சு சொல்லைக் காத்தது; குரலைக் காக்க அதனால் இயலவில்லை. இன்றோ, முதியோர் சிலரின் நினைவில் எஞ்சியுள்ள கவிகளை அவர்கள் குரலிலேயே, அவர்தம் இசைவோடு, பெயரும் ஊரும் குறித்துப் பதிவுசெய்யும் கருவி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

இக்கரையின் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947), வழக்கொழிந்த யாழின் இயல்பைப் பழைய நூல்களிலிருந்து ஆய்ந்து காண நெடுங்காலம் உழைத்தார். ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறியது. ஒலி மறைந்தபின் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு அதுவே சான்று. கவியின் குரல் இன்னும் முற்றும் மறைந்திலது.