கடைக் கதவைப் பூட்டினால் கூட்டு வியாபாரம் முடிந்துவிடுமா?

ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் அவரது மகனோ சகோதரரோ எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பது எமது ஊர்களில் வழக்கம். கடனாளியாக மரணித்தவரின் ஜனாஸாவுக்கு, அக்கடனை இன்னொருவர் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கினார்கள் என்ற ஹதீஸை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம்.

ஆனால் ஒரு கூட்டு வியாபாரம் மரணிக்கும்போது எமது ஊர்களில் எந்த அறிவித்தலும் கிடையாது. பெயர்ப்பலகை இறங்கும். மிச்சச் சாமான்களைப் பங்கிட்டுக் கொள்வார்கள். ஸலாம் சொல்லிப் பிரிந்து விடுவார்கள். ஒருவர் கட்டாருக்குப் போவார், மற்றவர் அதே சந்தியில் வேறு கடை திறப்பார். வியாபாரம் முடிந்துவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையிலும் மார்க்கத்தின் பார்வையிலும் அது பெரும்பாலும் முடிந்திருப்பதில்லை. கல்முனை தொடக்கம் வினாயகபுரம் வரை கடைத்தெருக்களில் இன்று நடக்கும் கூட்டு வியாபாரங்களின் எண்ணிக்கையை நினைத்தால், இது பற்றி நாம் விரிவாகப் பேச வேண்டும் என்று கருதுகிறேன்.

எமது பங்குடைமைக்கு எல்லை இல்லை

இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் "வரையறுக்கப்பட்ட பொறுப்புப் பங்குடைமை" என்ற ஒரு வகை இருக்கிறது. சுருக்கமாக எல்.எல்.பி. என்பார்கள். அதில் நிறுவனம் வேறு, பங்காளர் வேறு. நிறுவனம் கடனில் மூழ்கினாலும் பங்காளரின் வீடு வளவுக்குப் பொதுவாக ஆபத்தில்லை.

அப்படிப் பாதுகாப்புள்ள அமைப்பைக்கூட அங்கு சும்மா மூடிவிட முடியாது. இந்தியாவில் ஒரு எல்.எல்.பி.யைப் பதிவிலிருந்து நீக்க வேண்டுமானால், அது ஒரு வருடமாவது வியாபாரம் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். எல்லாப் பங்காளரும் சம்மதிக்க வேண்டும். வங்கிக் கணக்கை மூட வேண்டும். சொத்து, கடன் பற்றிய கணக்கறிக்கையையும், பின்னர் ஏதாவது கடன் வெளிப்பட்டால் அதற்குத் தாம் பொறுப்பு என்ற சத்தியக் கடதாசியையும் கொடுத்து, 24ஆம் இலக்கப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் முன்வருவதற்காகப் பதிவாளர் ஒரு மாதம் அதைப் பகிரங்கமாக அறிவிப்பார்.

இங்கே நாம் நடத்துவது அந்த வகையல்ல, சாதாரணப் பங்குடைமை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், பங்குடைமை விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தை இலங்கைக்குப் பொருத்தியது. அதனால்தான் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் இன்றும் எமது கடைத்தெருவை ஆள்கிறது. அச்சட்டப்படி வியாபாரத்தின் கடன் ஒவ்வொரு பங்காளரின் சொந்தக் கடனுமாகும். போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடாது. வீடு, வயல், வாகனம் வரை போகும்.

"எங்களுக்குள் எழுத்தில் ஒன்றுமில்லையே, வாய்ப்பேச்சுத்தானே" என்பார்கள் சிலர். அது அவர்களுக்குப் பாதுகாப்பல்ல, ஆபத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தில்லாவிட்டால் பங்காளர்கள் தமக்குள் உரிமை கோருவது கடினம். ஆனால் கடன் கொடுத்த வெளியார் அவர்களைப் பங்காளர்கள் என்று காட்டி வழக்குப் போடுவதை அதே சட்டம் தடுக்கவில்லை. எழுதாதவருக்கு உரிமை குறைகிறது, பொறுப்பு அப்படியே இருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படி பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை இங்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பழைய கடிதத் தாள் போட்ட வழக்கு

விலகியதை அறிவிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட டவர் கெபினெட் எதிர் இங்க்ரம் என்ற வழக்கு நல்ல பாடம். கிறிஸ்மஸ், இங்க்ரம் என்ற இருவர் "மெரீஸ்" என்ற பெயரில் தளபாடக் கடை நடத்தினார்கள். 1947இல் இணக்கமாகப் பிரிந்தார்கள். இங்க்ரம் வங்கிக்கு அறிவித்தார். மற்றவர்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு கிறிஸ்மஸிடம் விடப்பட்டது. வர்த்தமானியில் விளம்பரம் எதுவும் போடப்படவில்லை. அடுத்த வருடம் கிறிஸ்மஸ் ஒரு கொம்பனியிடம் தளபாடம் வாங்கியபோது, இங்க்ரமின் பெயர் அச்சிடப்பட்ட பழைய கடிதத் தாளைப் பயன்படுத்தினார். பணம் கொடுபடவில்லை. கொம்பனி இங்க்ரமிடம் வந்தது.

நீதிமன்றம் இங்க்ரமைக் காப்பாற்றியது. அவர் விலகும் முன் அந்தக் கொம்பனிக்கு அவரைப் பங்காளராகத் தெரிந்திருக்கவில்லை, பழைய தாளைப் பயன்படுத்த அவர் அனுமதிக்கவும் இல்லை என்பதே காரணம்.

இந்தக் காரணத்தை எமது ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அக்கரைப்பற்றிலோ சாய்ந்தமருதிலோ ஒரு கடையின் பங்காளர்கள் யார் என்று தெரியாத விநியோகஸ்தர் இருக்கிறாரா? கொம்பனிப் பிரதிநிதி தொடக்கம் லொறிச் சாரதி வரை எல்லோருக்கும் தெரியும். அதாவது, இங்க்ரமைக் காப்பாற்றிய அந்த ஒரு காரணம் எமக்குக் கிடைக்காது. உங்களைப் பங்காளராக அறிந்து கடன் தந்தவர், நீங்கள் விலகியதை அறியும் வரை உங்களைப் பங்காளராகவே கருதச் சட்டம் இடமளிக்கிறது. "அவர் அப்பவே விலகிட்டார்" என்று தேநீர்க் கடையில் பேசிக் கொள்வதை நம்பியிருக்க முடியாது.

நட்டம் யாருடையது?

மூடும்போது பெரும்பாலும் சண்டை வருவது கணக்கில்தான். கற்பனையான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூவர் சேர்ந்து நெல் வியாபாரம் செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அக்கரைப்பற்றுக்காரர் 30 இலட்சம் போடுகிறார். வினாயகபுரத்தைச் சேர்ந்த தமிழ் நண்பர் 20 இலட்சம் போடுகிறார். அட்டாளைச்சேனைக்காரர் முதல் போடவில்லை, உழைக்கிறார். இலாபம் மூவருக்கும் சமம் என்று பேச்சு. இரண்டு போகம் பிழைக்கிறது. மூட முடிவு செய்து எல்லாவற்றையும் விற்றால் 43 இலட்சம் வருகிறது.

முதலில் வெளிக்கடன் 15 இலட்சம் போக வேண்டும். அடுத்து, வினாயகபுரத்து நண்பர் முதலுக்கு மேலதிகமாகக் கைமாற்றாகக் கொடுத்திருந்த 5 இலட்சம் திரும்ப வேண்டும். மிச்சம் 23 இலட்சம். போட்ட முதலோ 50 இலட்சம். எனவே 27 இலட்சம் நட்டம்.

1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் நட்டமும் இலாபப் பங்கின் விகிதத்திலேயே பிரிபடும். ஆளுக்கு 9 இலட்சம். உழைப்பை மட்டும் தந்தவரும் தன் கையிலிருந்து 9 இலட்சம் கொண்டுவர வேண்டும். எமது பிக்ஹிலோ நட்டம் முதலைப் பின்தொடரும். முதல் போட்டவர்கள் முறையே 16.2 இலட்சத்தையும் 10.8 இலட்சத்தையும் இழப்பார்கள். உழைத்தவர், மோசடியோ கவனயீனமோ செய்யாதவரை, தன் உழைப்பை மட்டுமே இழப்பார்.

இரண்டு கணக்குக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் வளவே நிற்கிறது. பிக்ஹின்படி பிரிக்கத்தான் மூவரும் விரும்பினார்கள் என்றால் அதை ஆரம்பத்திலேயே உடன்படிக்கையில் எழுதியிருக்க வேண்டும். பங்காளர்களில் ஒருவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் இன்னும் தெளிவாக எழுத வேண்டும், ஏனெனில் எமது பிக்ஹை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. இரு சமூகங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இந்தக் கரையோரத்தில், ஒரு கணக்குப் பிணக்கு நாளை இனப் பிணக்காகத் திரிந்துவிடக் கூடாது.

"நான் முழாரபா அடிப்படையில் பணம் மட்டும் கொடுத்தேன், நட்டம் வந்தாலும் போட்டதோடு சரி" என்று இருக்கும் வெளிநாட்டுச் சகோதரர்களும் கவனிக்க வேண்டும். பிக்ஹில் அது சரி. ஆனால் நாட்டுச் சட்டத்தில், இலாபத்தில் பங்கு பெறுவது ஒருவர் பங்காளர் என்பதற்கு முதற்தோற்றச் சான்று. அது மட்டும் போதாது என்றாலும், வெளிக்கடன்காரர் உங்களைத் தேடி வர அதுவே வழி திறக்கும். பொறுப்புக்கு எல்லை வேண்டுமானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனியாகப் பதிவதே நேரான வழி.

பங்காளர் மௌத்தானால்

வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்காளரின் மரணத்தோடு பங்குடைமை கலைந்துவிடுகிறது. இதில் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் ஷாபிஈ மத்ஹபும் ஒத்துப்போகின்றன. அவர் உயிரோடிருந்தபோது பட்ட கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து பொறுப்பு. மரணத்துக்குப் பின்னர் மற்றவர்கள் பட்ட கடனுக்கு அது பொறுப்பல்ல. கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்த பின்னரே வாரிசுப் பங்கு என்பது குர்ஆனின் ஒழுங்கு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மிச்சப் பங்காளர்கள் கணக்குப் பார்க்காமலே கடையைத் தொடர்கிறார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு மாதம் ஒரு தொகை வருகிறது. பிறகு அது குறைகிறது, பிறகு நிற்கிறது. அவருக்கு உரிமை உண்டு என்று எவரும் சொல்வதில்லை. மர்ஹூமின் முதலைக் கணக்குத் தீர்க்காமல் பயன்படுத்தி வியாபாரத்தைத் தொடர்ந்தால், அந்த முதலால் வந்த இலாபத்தின் பங்கையோ ஆண்டுக்கு 5 சதவீத வட்டியையோ வாரிசுகள் தெரிவு செய்து கேட்கலாம் என்கிறது சட்டம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் வாரிசுக்கு இலாபப் பங்கைக் கேட்கும் வழி அங்கேயே திறந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். காணாமல் போனோரின் மரணத்தைப் பதிவதற்கே 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட சட்டம் தேவைப்பட்டது. ஆளும் கணக்குப் புத்தகமும் ஒரே அலையில் போனால், யாருக்கு எவ்வளவு என்பதை யார் சொல்வது? எழுத்தின் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதை எமது கரையோரத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முறையாக மூடுவது எப்படி?

1. கலைப்பு உடன்படிக்கை ஒன்றை எழுதுங்கள். கலையும் திகதி, சொத்து, கடன், யார் எதைத் தீர்ப்பது என்பன அதில் இருக்கட்டும். எல்லோரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். முடிந்தால் ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

2. பழைய விநியோகஸ்தர்கள், கடன் தந்தவர்கள், வங்கி ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் அறிவியுங்கள். ஏனையோருக்காகப் பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் விளம்பரம் செய்யுங்கள்.

3. வங்கிக் கணக்கை மூடி, மிச்சக் காசோலைத் தாள்களை ஒப்படையுங்கள். முன்கூட்டித் திகதியிட்டுக் கொடுத்த காசோலைகளைப் பணம் கட்டித் திரும்பப் பெறுங்கள். பணமில்லை என்று தெரிந்தே எழுதிய காசோலை திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி அது குற்றமாகவும் ஆகலாம்.

4. ஊழியர்களின் கணக்கைத் தீருங்கள். சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியின் 3 சதவீதமும் கடைசி மாதம் வரை கட்டப்பட வேண்டும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை சட்டப்படி உரியது. நான்கு பேர் வேலை செய்த கடையென்றால் சட்டம் விட்டுவிடலாம். பத்து வருடம் மூட்டை சுமந்தவரின் ஹக்கை மறுமை விடாது.

5. வியாபாரப் பெயர்ப் பதிவை நீங்கள் பெற்ற பிரதேச செயலகத்தின் ஊடாகவே இரத்துச் செய்யுங்கள். வினாயகபுரத்துக் கடைக்குத் திருக்கோவில் பிரதேச செயலகம். உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப் பத்திரம், மின்சார, நீர்க் கணக்குகள் ஆகியவற்றையும் முடியுங்கள்.

6. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு இறுதி வரி விபரத்திரட்டைக் கொடுத்து, வியாபாரம் நின்றதை எழுத்தில் அறிவியுங்கள். இறுதிக் கணக்கின்போதே அந்த வருட ஸகாத்தையும் பாருங்கள்.

7. இறப்பர் முத்திரை, கடிதத் தாள், பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆகியவற்றை அழித்துவிடுங்கள். கணக்குப் புத்தகங்களை மட்டும் பத்திரப்படுத்துங்கள். எழுத்து மூல உடன்படிக்கையின் மீது ஆறு வருடம் வரை வழக்கிடலாம் என்பதால், குறைந்தது அத்தனை காலமாவது அவை இருக்கட்டும்.

இவற்றைச் செய்தாலும், விலகுவதற்கு முன் பட்ட கடனிலிருந்து ஒரு பங்காளர் தானாக விடுபட மாட்டார். கடன்காரர் சம்மதித்து விடுவித்தால்தான் விடுதலை. அதனால் முடிந்தவரை கடனைத் தீர்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

எமது பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் வர்த்தகர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பங்காளர் பிணக்குகள் முற்றிய பின்னரே உங்களிடம் வருகின்றன. அதற்கு முன்னரே, கூட்டு வியாபாரம் தொடங்குவோருக்கான ஒரு மாதிரி உடன்படிக்கையை உலமாக்களையும் சட்டத்தரணிகளையும் கொண்டு தயாரித்து வையுங்கள். நிக்காஹ்வுக்குப் பதிவுப் புத்தகம் வைத்திருக்கும் சமூகத்துக்கு இது பெரிய காரியமல்ல. அந்த உடன்படிக்கையில் எப்படித் தொடங்குவது என்பதோடு, எப்படிப் பிரிவது, நட்டத்தை எப்படிப் பகிர்வது, ஒருவர் மௌத்தானால் அவரது பிள்ளைகளுக்கு எத்தனை மாதத்துக்குள் கணக்குக் கொடுப்பது என்பனவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மனம் ஒன்றாக இருக்கும்போதுதான் இவற்றை நீதியாக எழுத முடியும்.