வறியவர் அடுப்பும் விறகுச் சிக்கனமும்

எரிபொருட் பஞ்சம் ஏழையின் இல்லத்தையே முதலில் நாடுகின்றது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எரிவாயுவின் விலை அதற்கு முன்னரே ஏறியிருந்தது. விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. விறகும் எல்லார்க்கும் இலவசமன்று. பொறுக்குவதற்குக் காணியில்லாதவர் அதையும் காசு கொடுத்தே வாங்குகின்றனர்.

மூன்று கல் வைத்து மூட்டும் அடுப்பில் அனலின் பெரும்பகுதி பக்கங்களிற் சிதறிப்போகின்றது. நம் நாட்டுக் குயவர் வனையும் ‘அனகி’ என்னும் களிமண் அடுப்போ இதற்கு நல்ல மாற்று. விறகு இடும் வாய் ஒன்று. பானை ஏற்றும் வாய்கள் இரண்டு. முதற் பானையைச் சூடாக்கிய அனல் உள்வழியே சென்று மற்றதையும் சூடாக்கும். சோறு வேகும் நெருப்பிலேயே கறியும் கொதிக்கும். சுற்றிலும் மண் பூசிவிட்டால் சூடு உள்ளே தங்கும்.

ஈர விறகிலோ, நீரை ஆவியாக்குவதற்கே வெப்பத்தின் ஒரு பங்கு செலவாகிவிடும். பொச்சுமட்டையையும் பாளையையும் மாரிக்கு முன்னரே உலர்த்திக்கொள்ளல் நன்று. கடலையை இரவே ஊறவைப்பதும் பானையை மூடிவைப்பதும் தாய்மார் அறிந்தவை. வானொலி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆயின், தனித்து வாழும் மூதாட்டிக்கு அடுப்பின் விலையும் சுமைதான். மண் பூசிக்கொடுக்கவும் ஆளில்லை. எனவே உதவிச் சங்கத்தார் அடுப்பைக் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்பலாகாது. அதனைப் பதித்து, அவருடைய பானை வாயிற் சரியாக அமர்கின்றதா என்று பார்த்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் செல்லவேண்டும். பானை பொருந்தாவிடின் அவர் பழைய கற்களையே தேடுவார்.