எறும்பு கடத்தினா ஜெயில்!

தங்கம் கடத்துவாங்க, தெரியும். சந்தனக் கட்டை, யானைத் தந்தம்... அதுவும் தெரியும். எறும்பு?

சிரிக்காதீங்க பாஸ், நிஜம்! 2025 ஏப்ரல் 5. கென்யாவுல நைவாஷாங்கிற ஊர். அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குள் வனவிலங்குத் துறை அதிகாரிகள் நுழைஞ்சப்போ சிக்கினது ரெண்டு பெல்ஜியம் பசங்க. ரெண்டு பேருக்கும் வயசு 19. நம்ம காலேஜ்னா செகண்ட் இயர்! கூடவே 2,244 டெஸ்ட் ட்யூப்கள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவுல எறும்பு. மொத்தம் சுமார் 5,000.

'நாங்க ஜாலிக்காகத்தான் பிடிச்சோம், இது தப்புன்னு தெரியாது' என்றார்கள் பசங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டாங்க, கோர்ட்டில் கலங்கியும் போனாங்க. மே 7-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம். நம்ம கணக்குல ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாய். கட்டலைன்னா 12 மாசம் ஜெயில். அதே நாளில், எறும்பு வெச்சிருந்த வேற கேஸில் ஒரு வியட்நாம்காரருக்கும் ஒரு கென்யாக்காரருக்கும் இதே தண்டனை.

'நம்ம வீட்ல எறும்பைக் கண்டா அம்மா மஞ்சள்தூளைக் கொட்டுவாங்க. அதைப் போய் காசு கொடுத்து யாரு வாங்குவா?'ன்னுதானே கேக்கறீங்க? வாங்கறாங்களே! ஐரோப்பா, அமெரிக்காவில் மீன் தொட்டி மாதிரி எறும்புத் தொட்டி வைக்கிறது பெரிய ஹாபி. கண்ணாடிக்குப் பின்னால சுரங்கம், நர்சரி, தானியக் குடோன்னு ஒரு ஊரே ஓடும். உக்காந்து பார்த்தா எழுந்திரிக்க மனசு வராது.

இந்த ஹாபியின் ரகசியம் ராணி எறும்பு. மழை விட்ட சாயங்காலம் ட்யூப்லைட்டைச் சுத்துமே ஈசல்... அது கரையான் குடும்பம். ஆனா எறும்புக்கும் அதே மாதிரி றெக்கை முளைச்ச கல்யாண ஊர்வலம் உண்டு. பறக்கும்போதே கல்யாணம். முடிஞ்சதும் மாப்பிள்ளை செத்துடுவார். ராணி தரையிறங்கி, றெக்கையை உதிர்த்துட்டு, குழி தோண்டி உள்ளே போய் முட்டையிடும். அந்த ஒரு நாள் கல்யாணத்தில் சேர்த்து வெச்ச விந்தணுக்களை வெச்சே ஆயுசு முழுக்க குடும்பம் நடத்தும். ஐரோப்பாவின் சாதாரண கறுப்புத் தோட்ட எறும்பில் ஒரு ராணி கூண்டுக்குள்ளேயே கிட்டத்தட்ட 29 வருஷம் வாழ்ந்த ரெக்கார்டு இருக்கு!

ஆக, பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ட்யூபின் அடியில் கொஞ்சம் தண்ணி, அதை அடைக்கப் பஞ்சு, நடுவுல ராணி, வாயில இன்னொரு பஞ்சு. முடிஞ்சுது. கென்யாவில் பிடிபட்ட ட்யூப்களில் எறும்புகள் ரெண்டு மாசம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்னு அதிகாரிகள் சொன்னாங்க. சட்டைப் பையில் ஒரு ட்யூப் போட்டா ஒரு சாம்ராஜ்யமே பாக்கெட்டில்! சட்டம் பயப்படுறதும் இதுக்குத்தான்.

கென்யாவில் சிக்கியதில் ஹீரோயின் 'மெஸ்ஸர் செஃபலோட்டஸ்'. சிவப்பும் கறுப்புமா வளர்ற ராட்சச அறுவடை எறும்பு. புல் விதைகளைச் சுமந்துக்கிட்டு போய் குடோனில் சேர்க்கும். அப்படியே வழியெல்லாம் விதையைப் பரப்பும், மண்ணையும் கிளறி விடும். லண்டன் பக்கம் ஒரு எறும்பு 170 பவுண்டு வரைக்கும் விலை போகுதாம். ஆனா ராணியைத் தூக்கினா ஒரு எறும்பு மட்டும் போறதில்லை, அது உருவாக்க இருந்த ஒரு புற்றே போகுது. கென்யாவின் உயிர்வளத்தை எடுக்க அனுமதியும் வாங்கலை, வர்ற லாபத்தில் பங்கும் தரலை. அதனாலதான் அதிகாரிகள் இதை 'உயிர்வளத் திருட்டு'ன்னு சொன்னாங்க. தீர்ப்பு சொன்ன பெண் மாஜிஸ்திரேட் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்து பிடுங்கி கும்பலா அடைச்சு ஏத்திப் போறதை அடிமை வியாபாரத்தோட ஒப்பிட்டார். எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் தெரிஞ்சுது. ஆனா 'ஹாபி'ங்கிற சாக்கை நானும் நம்பலை. வளர்க்கணும்னா நாலு ராணி போதாதா மச்சி, 5,000 எதுக்கு?

நம்ம நாடு மட்டும் லேசுப்பட்டதில்லை. 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா தேசியப் பூங்கா ஏரியாவில் பூச்சி சேகரிச்ச ரெண்டு செக் நாட்டுக்காரங்க மாட்டினாங்க. அதில் ஒருத்தர் பேர் பெற்ற வண்டு ஆராய்ச்சியாளர். விஞ்ஞானிகள் பலர் அவருக்காகக் குரல் கொடுத்தாங்க. அவருக்கு 20,000 ரூபாய் அபராதம். இன்னொருத்தருக்கு 60,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் சிறையும். அவர் ஜாமீனில் வெளியே வந்து ஊரைப் பார்க்கப் பறந்துட்டார்!

வெளியே போறதுக்குத்தான் இவ்வளவு கெடுபிடின்னு நினைக்காதீங்க, உள்ளே வர்றதுக்கு இன்னும் ஜாஸ்தி. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து பக்கத்து மாநிலத்துக்கு எறும்பை எடுத்துட்டுப் போகணும்னாகூட விவசாயத் துறையிடம் 'பி.பி.கியூ. 526' பர்மிட் வாங்கணும். அவங்க பட்ட பாடு அப்படி. தென் அமெரிக்காவின் சிவப்பு நெருப்பெறும்பு 1930-கள் வாக்கில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியா வந்து தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் துரத்த முடியலை. அங்கே 1956-லிருந்து குழந்தைகளுக்கு விற்கிற 'ஆன்ட் ஃபார்ம்' பொம்மைக்கு பார்சலில் வர்றது வேலைக்கார எறும்பு மட்டும்தான், ராணி கிடையாது. சில மாசத்தில் ஊரே காலி, அடுத்த பார்சலுக்கு ஆர்டர் கொடுக்கணும்.

புது எறும்பு நுழைஞ்சா என்ன ஆகும்னு கேட்கணும்னா, நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்துக்குப் போங்க. 2022-ல் அங்கே மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குதுன்னு ஜனங்க கதறினாங்க. அதை யாரும் ஹாபிக்காகக் கொண்டுவந்ததா தகவல் இல்லை. ஆனா ராணி ஒரு தடவை குடியேறிட்டா காலி பண்ண வைக்கிறது என்ன பாடுன்னு அவங்களைக் கேட்டா தெரியும். இந்தியாவுக்குள் வெளிநாட்டுப் பூச்சியை உயிரோட கொண்டுவர அனுமதி வாங்கணும்னு 2003-லேயே தாவரத் தனிமைப்படுத்தல் உத்தரவு போட்டுட்டாங்க. சிங்கப்பூர் போயிட்டு வர்ற ஃப்ரெண்ட் 'உனக்கு ஒரு ட்யூப் ராணி கொண்டு வரவா'ன்னு கேட்டா, சாக்லேட்டே போதும்னு சொல்லிடுங்க.

அப்போ ஆசைப்பட்டவங்க என்னதான் பண்றது? அடுத்த மழைக்குக் காத்திருங்க. வீட்டு வாசலிலேயே றெக்கை உதிர்த்த ராணி ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும். கெமிஸ்ட்ரி லேப் பக்கம் கையை நீட்டாம, கடையில் ஒரு ட்யூபும் பஞ்சும் வாங்கிக்கங்க. பார்சல், பஸ், ஃப்ளைட் எதுவும் வேண்டாம். பிடிச்ச தெருவிலேயே வளர்க்கலாம். பர்மிட் ஒரே இடத்தில்தான் வாங்கணும்... அம்மாகிட்ட!